எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராபிக்ஸ் கார்டு

2021 பிப்ரவரியில் என்விடியா விற்பனைக்கு விட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருந்தது. 2023 ஜூனில் வந்த 4060இல் அது 8 ஜிபி ஆனது. 2025 மே மாதம் வந்த 5060இலும் அதே 8 ஜிபிதான். பெட்டியின் மேல் எண் ஆயிரம் ஆயிரமாக ஏற, உள்ளே இருக்கும் நினைவகம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வேகம் கூடியிருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ‘அடுத்த தலைமுறை கார்டுக்கு மாறலாமா’ என்று கேட்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். தலைமுறை என்பது கம்பெனி தன் விற்பனைக்காகப் போட்டுக்கொள்ளும் எண். வாங்குகிறவர் போட வேண்டிய கணக்கு வேறு.

அந்தக் கணக்கைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், தமிழ்நாட்டு எல்லையோரத்தில் வைத்துப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. அமெரிக்க, ஐரோப்பிய விமர்சகர்கள் கார்டுகளை அளப்பது குளிரூட்டிய அறையில், டாலர் விலையில், நிற்காத மின்சாரத்தில். பாலக்காட்டுக் கணவாயின் ஏப்ரல் வெயிலும் இடுக்கி மலையின் ஐப்பசி இடியும் அவர்கள் வரைபடங்களில் இல்லை. நம் ஊர்க் கடைக்காரர் அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்.

வாங்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்க்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் சாமான் என்றால் கோயம்புத்தூர்தான். குமுளி, வண்டிப்பெரியாற்றுக்காரர்கள் கம்பத்துக்கோ தேனிக்கோ இறங்குகிறார்கள். அங்கே இல்லாவிட்டால் மதுரை. மறையூருக்கு உடுமலை. மூணாறு, தேவிகுளம் பக்கத்தில் எறணாகுளம் போகிறவர்களும் உண்டு. 2017 ஜூலை 1க்கு முன்பு இரண்டு மாநில விற்பனை வரியும் தனித்தனி. வாளையார் சோதனைச்சாவடியில் சரக்கு லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் அது. ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லைக்கு இரண்டு பக்கமும் கார்டுக்கு ஒரே 18 சதவீதம். ‘அந்தப் பக்கம் வரி கம்மி’ என்ற பழைய பேச்சுக்கு இப்போது பொருளில்லை. மிஞ்சியிருக்கும் வித்தியாசம் கடையில் சரக்கு இருக்கிறதா, வாரண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது மட்டும்தான்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, பாலக்காட்டு வீடுகளுக்கு நன்றாகவே தெரிந்தது. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும் மாமாவிடம் சொல்லிவிடுவது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட் வரி 5 சதவீதம் என்பதால் அங்கே வாங்கியது மலிவாகத் தெரியும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு வாரண்டி பெரும்பாலும் விற்ற நாட்டில் மட்டுமே செல்லும். இரண்டாம் வருஷம் ஃபேன் நின்றால் மாமா அடுத்த லீவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். விலை குறைந்த கார்டுக்கு இந்த ஆபத்தை எடுக்கலாம்; 60,000 ரூபாய்க் கார்டுக்கு எடுப்பது துணிச்சல்.

இப்போது விலை. 2016 ஜூலையில் வந்த ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிபி கார்டுக்குக் கம்பெனி சொன்ன தொடக்க விலை 249 டாலர். அன்றைக்கு டாலர் சுமார் 67 ரூபாய். வரிக்கு முன்னால் 16,700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 2025 மே மாதத்து 5060க்கு 299 டாலர். டாலர் 85 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வரி. கணக்குப் போட்டால் 30,000 ரூபாய். அமெரிக்கக்காரர் கண்ணுக்கு ஒன்பது ஆண்டில் ஐம்பது டாலர்தான் கூடியிருக்கிறது, பணவீக்கத்தைக் கழித்தால் விலை குறைந்தே இருக்கிறது. நமக்கோ ரூபாயின் சரிவும் வரியும் சேர்ந்துகொள்கின்றன. 2025 கடைசியில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அதாவது கம்பெனி விலையை ஒரு சென்ட்கூடக் கூட்டாமல் இருந்தாலும், காத்திருந்தவருக்குக் கார்டு விலை ஏறியிருக்கும்.

கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்கிறதா? ஒரு காலத்தில் கிடைத்தது. 2020 செப்டம்பரில் 3080 வந்தபோது, முந்தைய 2080இன் அதே 699 டாலர் விலையில், 4கே தெளிவில் அறுபது சதவீதத்துக்கு மேல் வேகம் கூடியது. ஒரு தலைமுறை காத்திருந்தவருக்கு அது பெரிய பரிசு. 2025இல் 4080இலிருந்து 5080க்குப் போனவருக்குக் கிடைத்தது பத்துப் பதினைந்து சதவீதம். 4060க்கும் 5060க்கும் நடுவில் இருபது சதவீதத்தை ஒட்டி. காரணம் எளிது. கார்டின் வேகம் கூடுவதற்குப் பெரிய வழி, சிலிக்கானில் டிரான்சிஸ்டர்களை இன்னும் சிறிதாகச் செதுக்குவது. 30 வரிசை சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 40 வரிசை தைவானின் டிஎஸ்எம்சியில் அதைவிட மிக நுட்பமான முறைக்குத் தாவியது. 50 வரிசையோ 40 செய்யப்பட்ட அதே முறைக் குடும்பத்திலேயே செய்யப்பட்டது. அடுப்பு மாறவில்லை, பாத்திரம்தான் மாறியிருக்கிறது. மூர் விதி செத்துவிட்டது என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 2022இலேயே பகிரங்கமாகச் சொன்னார். விலையேற்றத்துக்கு நியாயம் சொல்லும்போதுதான் சொன்னார் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே மனிதர் 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில், 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090க்கு ஈடான வேகம் தரும் என்றார். அந்த ஈட்டில் பாதிக்கு மேல் வரையப்படாத படங்கள். கார்டு உண்மையில் ஒரு ஃப்ரேம் வரைய, அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று ஃப்ரேம் வரை செயற்கை நுண்ணறிவு ஊகித்து நிரப்புகிறது. கண்ணுக்கு ஓட்டம் வழவழப்பாகத் தெரியும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரையில் அசைவதற்கும் நடுவிலுள்ள தாமதம், உண்மையாக வரைந்த ஃப்ரேம்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நிரப்பிய ஃப்ரேம்கள் அதைக் குறைப்பதில்லை. ஊக ஃப்ரேம்களை அணைத்துவிட்டு அளந்தவர்களுக்கு 5070, முந்தைய 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றது. 5070இன் இந்தியத் தொடக்க விலையோ 59,000 ரூபாய்.

இதில் ஒரு நல்ல செய்தி, விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போனது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தின் புதிய மாதிரி, அந்த ஜனவரியில் 2018இன் 20 வரிசைக் கார்டுகளுக்கும் சேர்த்தே இறங்கியது. பழைய 2060 வைத்திருந்தவருக்குக் காசில்லாமல் படம் மேம்பட்டது. புதுத் தலைமுறை வந்ததன் பலனைப் பழைய கார்டிலேயே அனுபவித்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இந்தப் பக்கத்தில் கார்டை யார் எதற்கு வாங்குகிறார்கள்? விளையாடுகிறவர்களை முதலில் முடித்துவிடலாம். எல்லையோரத்தில் விளையாட்டு பெரும்பாலும் போனில்தான். கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களும் வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் போன்றவற்றில் இருந்தால், 1080பி மானிட்டருக்கு ஆறு வருஷக் கார்டே போதும். மானிட்டர் நொடிக்கு அறுபது படம்தான் காட்டும் என்றால் கார்டு இருநூறு வரைந்து என்ன பயன்? கதை சொல்லும் பெரிய விளையாட்டுகள்தான் தள்ளுகின்றன: 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதத்து டூம் இரண்டும் ஒளிக்கதிர்க் கணக்கீட்டுக்கான வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே மாட்டேன் என்கின்றன. அந்த ஆசை உள்ளவர் 10 வரிசையிலிருந்தும் 16 வரிசையிலிருந்தும் மாறியே ஆக வேண்டும். அதற்குப் புதிய தலைமுறைதான் வேண்டும் என்றில்லை.

கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் கதை வேறு, கவனித்துப் பார்க்க வேண்டியது. இந்த வட்டாரத்தில் கிராபிக்ஸ் கார்டால் சம்பாதிக்கிறவர்களில் இவர்களே முக்கியமானவர்கள். சித்தூர்க் கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுத்து, பொள்ளாச்சி ரிசப்ஷனையும் சேர்த்து, மாப்பிள்ளை வீட்டார் மறுபடி கேட்பதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2, 10 பிட் முறையில் பதிவு செய்கின்றன. முகூர்த்தப் பட்டின் சிவப்பையும் மஞ்சள் பூசிய முகத்தையும் எடிட்டில் சரிசெய்ய இது பெரிய உதவி. சிக்கல், இந்த ஃபைலை விரித்துக் காட்டும் வேலையை 40 வரிசை வரைக்குமான என்விடியா கார்டுகளின் வீடியோ பகுதி செய்யாது. முழுச் சுமையும் சிபியுவின் தலையில் விழும். டைம்லைன் திக்கித் திணறும். எடிட்டர் ‘கார்டு வீக்’ என்று நினைத்துக்கொண்டு 3060இலிருந்து 4070க்கு மாறுவார். திணறல் அப்படியே இருக்கும்.

50 வரிசையில்தான் என்விடியா 4:2:2க்கு வன்பொருள் ஆதரவைச் சேர்த்தது. தலைமுறை மாற்றம் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருள் இருக்கும் இடம் இது ஒன்று. விளையாட்டு வேகத்தை அளக்கும் விமர்சனங்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைத்தது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் வந்த, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசர்கள், ஹெச்இவிசி வகை 4:2:2 ஃபைல்களைத் தாமே விரிக்கும். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பிராசசர் இருந்து, பயாஸில் அந்தப் பகுதியை யாரோ அணைத்து வைத்திருந்தால், தீர்வுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஏஎம்டி ரைசனோ, பெயரின் கடைசியில் ‘எஃப்’ போட்ட இன்டெல் பிராசசரோ வைத்திருப்பவருக்கு 5060 வகையறா சீக்கிரமே காசைத் திருப்பித் தந்துவிடும். ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டுடியோ பில்லில் தன் எண்ணைப் போட்டு வாங்கினால் அந்த 18 சதவீதத்தைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். இங்குள்ள சின்ன ஸ்டுடியோக்கள் பலவும் பதிவுக்கான விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருப்பதால் அவர்களுக்கு அது முழுச் செலவு.

அடுத்தது மாணவர்கள். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துகிறது. லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் பிள்ளைகள் பிளெண்டரில் முப்பரிமாண அசைவூட்டம் பழகுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் ‘கிராபிக்ஸ் கார்டு வேண்டும்’ என்ற கோரிக்கை எழுவது இயல்புதான். அந்த வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று: 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாத்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்யப்பட்டது. பெரிய ரெண்டர் கூடம் எதுவும் இல்லாமல், ஈவீ என்ற விரைவு ரெண்டர் முறையில், இயக்குநர் கிண்ட்ஸ் ஜில்பலோடிஸ் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இறுதிப் படங்களை எடுத்தார். படம் எடுத்தது கார்டு அல்ல என்று சொல்லிப் பையனை மடக்கலாம். ஆனால் பிளெண்டரின் இன்னொரு முறையான சைக்கிள்ஸில் வேலை செய்தால் என்விடியா கார்டு கொடுக்கும் வேகம் கண்கூடு. அங்கேயும், காட்சி நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் வேகமெல்லாம் தரைதட்டிவிடும். 12 ஜிபி உள்ள பழைய 3060, 8 ஜிபி உள்ள புதிய 5060 எடுக்க முடியாத காட்சியை எடுத்துவிடும், மெதுவாக என்றாலும்.

செயற்கை நுண்ணறிவுக்காக வாங்குகிறவர்களுக்கும் இதே கதை. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரின் பெரிய மாதிரிக்குச் சுமார் 10 ஜிபி நினைவகம் வேண்டும் என்று அதைச் செய்தவர்களே குறித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 2021இன் 3060இல் அது உட்காரும், 2025இன் 8 ஜிபி கார்டில் உட்காராது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி போன்ற சின்ன மாதிரிகளுக்கோ இரண்டுமே போதும். பெரிய மாதிரியைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றால் வீட்டுக் கார்டே தவறான கேள்வி. கூகுள் கோலாபில் 16 ஜிபி உள்ள டி4 கார்டு இலவசமாகச் சில மணி நேரம் கிடைக்கிறது. இந்தியா ஏஐ திட்டத்தில் மணிக்கு 65 ரூபாய் அளவில் கணிப்புத் திறனை வாடகைக்குத் தருவதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கஞ்சிக்கோட்டில் வளாகம் கொண்டுள்ள பாலக்காடு ஐஐடி போன்ற இடங்களில் படிப்பவர்களுக்கு நிறுவனத்தின் சொந்த வசதி உண்டு.

கார்டு தனியாக வேலை செய்வதில்லை. கடைக்காரர்கள் அதிகம் பேசாத பகுதி இது. 4060, 5060 இரண்டும் மதர்போர்டோடு பேச எட்டு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் இது உறைக்காது. 2018, 2019இல் வாங்கிய பெரும்பாலான போர்டுகளில் ஒவ்வொரு பாதையின் வேகமும் குறைவு. 8 ஜிபி நிரம்பி வழிந்து ராமிலிருந்து இழுக்கும்போது நெரிசல் வெளிப்படும். பதினாறு பாதையும் 16 ஜிபியும் உள்ள ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அப்படிப்பட்ட பழைய போர்டுக்கு ஒத்துப்போகும். மின்சாரமும் பார்க்க வேண்டும்: 5060 சிக்கனமான கார்டு என்றாலும் அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது என்விடியா. கேபினெட்டோடு வந்த பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த எண் ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் தாங்குவது 360 வாட்டை ஒட்டி. கரண்ட் போன நொடியில் கார்டு முழு வேகத்தில் இருந்தால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும்.

கரண்ட் பில்லையும் பார்க்கலாம். முழு வேகத்தில் 3060க்கு 170 வாட், 4060க்கு 115. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 80 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் 640 ரூபாய்தான். மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லிப் புதுக் கார்டு விற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். மறுபக்கம், 575 வாட் இழுக்கும் 5090 அதே நான்கு மணி நேரத்தில் மாதம் 69 யூனிட் தின்னும். கேஎஸ்இபி கணக்கில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. ஏசியும் மோட்டாரும் ஏற்கனவே விளிம்பில் நிறுத்தியிருக்கும் வீட்டை ஒரு கார்டு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அங்கேயும் 500ஐத் தாண்டினால் கணக்கு மாறும்.

வெயில் சங்கதி இன்னும் நேரடியானது. சிப்பின் சூடு என்பது அறையின் சூட்டோடு கார்டு சேர்க்கும் சூடு. மூணாற்றில் 18 டிகிரி அறையில் 65ஐ ஒட்டி ஓடும் கார்டு, 38 டிகிரி பாலக்காட்டு அறையில் 85ஐ எட்டி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விமர்சனத்தில் படித்த இருபது சதவீதத்தில் ஒரு பகுதி இங்கேயே ஆவியாகிவிடுகிறது. கார்டின் மின் வரம்பை 75, 80 சதவீதத்துக்கு இறக்கி வைப்பது காசில்லாத வைத்தியம். இழக்கும் வேகம் மிகக் குறைவு, குறையும் சூடும் இரைச்சலும் நிறைய. இடுக்கியில் வெயிலுக்குப் பதில் இடி. ஐப்பசி, கார்த்திகை மாலைகளிலும் கோடை மழையிலும் மின்னல் இறங்கும் மலை அது. பழைய எஸ்டேட் லயங்களில் எர்த் சரியாக இருப்பதில்லை. மின்னல் பாய்ந்து கருகிய கார்டை வாரண்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே கார்டுக்கு முன்னால் காசு போட வேண்டிய இடம் எர்த்திங்.

பழைய கார்டுச் சந்தையைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகள் அதிகம். 2021இல் எதீரியம் நாணயம் தோண்டக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயம் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டுகள் சந்தையில் கொட்டின. அவற்றில் சாக வேண்டியவை பலவும் இந்நேரம் செத்திருக்கும். மிச்சமிருப்பதை வாங்குகிறவர் ஃபேன் சத்தத்தையும் நினைவகச் சூட்டையும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்கினால் போதும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்கக் கூடாது.

காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய அறிவுரை 2025 கடைசியில் ஆட்டம் கண்டது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்ள, ராம் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், கடைகளில் விற்கும் தன் குருஷியல் ராம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே ராம் செய்யும் ஆலைகளிலிருந்துதான் கார்டின் நினைவகமும் வருகிறது. அதிலும் 16 ஜிபி கார்டுகளுக்குத்தான் சுமை அதிகம். இன்னொரு பக்கம், 1060 உள்பட 10 வரிசைக் கார்டுகளுக்கு விளையாட்டுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அதே அக்டோபரில் விண்டோஸ் 10இன் ஆதரவும் முடிந்தது. ஒன்பது வருஷம் உழைத்த கார்டை மாற்றுவதைத் தலைமுறை மோகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாற வேண்டியவர்கள் அப்படிப்பட்ட கார்டு வைத்திருப்பவர்கள்தான். 30, 40 வரிசை வைத்திருப்பவர்களுக்கு 4:2:2 போன்ற ஒரு குறிப்பான தேவை இருந்தால் ஒழிய அவசரமே இல்லை.

அப்படி மாறும் ஒருவரிடம் 30,000 ரூபாய் இருக்கிறது, பழைய 1060 இருக்கிறது, ஆறேழு வருஷ போர்டு இருக்கிறது என்று வைப்போம். மொத்தத்தையும் கொடுத்துப் பெட்டி பிரிக்காத 5060 வாங்கலாம். அல்லது ஓட்டிப் பார்த்து ஒரு 3060 12 ஜிபி கார்டை செகண்ட் ஹேண்டில் எடுத்து, மிச்சத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் மாற்றி, இடுக்கிப் பக்கம் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் சரிபார்க்கலாம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் முதலாவதை எடுக்கட்டும். மற்ற எல்லாருக்கும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.